மைதானத்து வீட்டுக்காரர்கள்

இங்கிலாந்தின் கவுன்டி கிரிக்கெட் பார்க்கக் கட்டுச்சோற்றோடு போய்வந்த ஒரு நாள்

ஆட்டம் தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் அதற்குள் குடித்தனமே வைத்துவிட்டார். துணிப்பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன: ஃபிளாஸ்க், காகிதத்தில் சுற்றிய சாண்ட்விச், பைனாகுலர், முழங்காலில் போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி, சட்டைப் பையில் அடங்கும் பிளேஃபேர் கிரிக்கெட் கையேடு, கடைசியாக ஒரு குட்டி மெத்தை. மெத்தையை இருக்கையில் போட்டு, உட்கார்ந்து, ஒருமுறை அசைந்து பார்த்துச் சரிசெய்துகொண்டார். ரயிலில் கீழ்ப்படுக்கை கிடைத்தவரின் நிம்மதி அந்த முகத்தில் தெரிந்தது. எண்பதை நெருங்கும் வயது. பிறகுதான் என் பக்கம் திரும்பி, "ஸ்வெட்டர் அவ்வளவுதானா?" என்றார்.

மே மாதத்து வெள்ளிக்கிழமை அது. இடம் கேன்டர்பரி, செயின்ட் லாரன்ஸ் மைதானம். கென்ட் கவுன்டியின் நான்கு நாள் ஆட்டத்தில் முதல் நாள். எதிரணி யார் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் உடனே கைபேசியை எடுத்து ஸ்கோரைத் தேடுவீர்கள். நான் எழுத வந்தது மெத்தைக்காரரைப் பற்றி.

கவுன்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. 1890 முதல் அதிகாரபூர்வமாக நடந்துவரும் கவுன்டி சாம்பியன்ஷிப்பில் இன்று 18 அணிகள் ஆடுகின்றன. கடைசியாக வந்து சேர்ந்தது டர்ஹம், 1992-ல். முதல் பிரிவில் 10 அணிகள், இரண்டாம் பிரிவில் 8. ஒரு நாளைக்கு 96 ஓவர். காலை 11 மணிக்குத் தொடங்கி, ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்று நாற்பதுக்குத் தேநீர், ஆறு மணிக்கு மேல் முடிவு. சில சமயம் நான்கு நாளும் ஆடிவிட்டு யாருக்கும் வெற்றி இல்லாமல் கைகுலுக்கிக் கலைவார்கள். இதற்கு டிக்கெட் வாங்கி உட்காருகிறார்களே என்று நம்மூர் ஆட்கள் கேட்பது நியாயம்தான். நானும் அப்படிக் கேட்டுக்கொண்டுதான் ரயில் ஏறினேன்.

யாத்திரை ஊர்

லண்டன் செயின்ட் பான்கிராஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கேன்டர்பரி வெஸ்ட். அங்கிருந்து மைதானத்துக்குப் பஸ்ஸும் உண்டு. நடந்தால் அரை மணி நேரம். நடந்தே போங்கள். பழைய கோட்டை வாசலைக் கடந்து, கல் பாவிய கடைத்தெரு வழியே, பெரிய தேவாலயத்தின் கோபுரத்தைப் பக்கவாட்டில் பார்த்தபடி, நகர மதிலைத் தாண்டினால் ஓல்டு டோவர் ரோடு. 1170-ல் பேராயர் தாமஸ் பெக்கெட் அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்ட நாள் முதல் இந்த ஊருக்கு யாத்திரைக் கூட்டம் ஓய்ந்ததில்லை. நான் போன காலையிலும் கடைத்தெருவில் இரண்டு வகை யாத்ரீகர்கள் இருந்தார்கள். கேமராவோடு போனவர்கள் இடப்பக்கம் தேவாலயத்துக்குத் திரும்பினார்கள். ஃபிளாஸ்க் வைத்திருந்தவர்கள் நேரே நடந்தார்கள். நான் ஃபிளாஸ்க்கைப் பின்தொடர்ந்தேன். வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

வாசலில் இருபது பவுண்டுக்கு முன்பின் ஒரு டிக்கெட். இருக்கை எண் கிடையாது, எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். பையைத் திறந்து பார்த்தவர் என் சாப்பாட்டு டப்பாவை முகர்ந்து பார்க்காத குறையாக விசாரித்துவிட்டு, "எலுமிச்சை சாதமா, நல்லது" என்று உள்ளே விட்டார். தண்ணீர் பாட்டிலின் மூடியைக்கூடப் பிடுங்கிக்கொள்ளும் மைதானங்களில் வளர்ந்தவனுக்கு இது பெரிய மரியாதை.

நுழைவாயிலுக்கு அருகே ஒரு நினைவுத்தூண். காலின் பிளைத் என்ற இடக்கை சுழற்பந்து வீச்சாளருக்காக எழுப்பியது. கென்ட்டுக்காக ஆடியவர், முதல்தர ஆட்டங்களில் மொத்தம் 2,500 விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். 1907-ல் நார்தாம்ப்டனில் ஒரே நாளில் 17 விக்கெட் சாய்த்தார். வலிப்பு நோய் இருந்தது, வயலின் நன்றாக வாசிப்பார். முதல் உலகப் போருக்குத் தானே முன்வந்து போய், 1917 நவம்பரில் பாசன்டேல் அருகே ஷெல் வெடித்து இறந்தார். தூணைக் கடந்துபோன பலர் நடையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். நூறு வருஷம் கழித்தும் அவரை இந்த ஊர் வீட்டுப் பிள்ளையாகத்தான் பேசுகிறது என்பது மதியத்துக்குள் புரிந்துவிட்டது. பெயரைச் சொல்லும்போது பிளைத் என்று யாரும் சொல்லவில்லை. "சார்லி" என்றார்கள். அவருடைய செல்லப் பெயராம்.

விடுவதற்கும் கைதட்டல்

முதல் ஒரு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை என்று ஒரு தொலைக்காட்சி வர்ணனையாளர் சொல்லிவிடுவார். நடந்தது நிறைய. காற்று குறுக்கே அடித்தது. டியூக்ஸ் பந்து ஆடியது. அந்தப் பந்துகூட இந்த ஊர்ச் சரக்குதான். 1760-ல் கென்ட்டின் பென்ஸ்ஹர்ஸ்ட் கிராமத்தில் டியூக் குடும்பம் பந்து தைக்கத் தொடங்கியது. இன்று அந்தப் பெயரை நடத்துபவர் இந்தியாவில் பிறந்த திலீப் ஜஜோடியா. தையல் உயர்ந்து நிற்கும் பந்து என்பதால் காலைக் குளிரில் அது பேய் மாதிரி வளையும்.

தொடக்க ஆட்டக்காரர் விட்டார். அடுத்ததையும் விட்டார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே நாலு விரல் தள்ளிப் போன பந்தைக் கையை உயர்த்தி, மட்டையை ஒதுக்கி, கண்ணால் வழியனுப்பி வைத்தார். பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி, "நல்ல லீவ்" என்றார். நாலைந்து பேர் மெல்லக் கைதட்டினார்கள். அடிக்காததற்குக் கைதட்டல்! எங்கேயோ பார்த்திருக்கிறேனே இந்தக் கூட்டத்தை என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மார்கழி மாதத்தில் மயிலாப்பூர் சபாக்களில் மதியம் ஒரு மணிக் கச்சேரிக்கு வந்து உட்காருகிறார்களே, அதே கூட்டம். இலவசக் கச்சேரி, இளம் வித்வான், பாதி காலி அரங்கம். ஆனால் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஆலாபனையின் முதல் பிடியிலேயே ராகம் தெரியும். மடியில் சின்ன நோட்டு இருக்கும். எழுதிக்கொள்வார்கள். அப்புறம் கேன்டீனை நோக்கி ஒரு கண்.

இங்கேயும் நோட்டு உண்டு. என் இடப்பக்கம் ஒரு தம்பதி. கணவர் பத்திரிகையை மார்பில் விரித்துக்கொண்டு பதினொன்றரைக்கெல்லாம் உறங்கிப்போனார். மனைவி பெரிய ஸ்கோர் புத்தகத்தைத் தொடைமேல் வைத்து, ஒவ்வொரு பந்தையும் குறித்தார். ஒவ்வொரு பந்துவீச்சாளருக்கும் ஒவ்வொரு நிறப் பென்சில். இணையத்தில் எல்லாம் கிடைக்குமே என்று கேட்டேன். "கிடைக்கும். ஆனால் நான் பார்த்தேன் என்பதற்கு அங்கே அத்தாட்சி இல்லையே" என்றார். கணவர் கண்ணைத் திறக்காமல், "என்ன ஸ்கோர்?" என்று கேட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

கேன்டர்பரிக்கே உரிய காட்சி ஒன்று உண்டு. எல்லைக்கோட்டை ஒட்டிய புல்மேட்டில் கார்கள் மூக்கை மைதானத்தின் பக்கம் நீட்டியபடி வரிசையாக நிற்கும். உள்ளே ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, பிபிசி உள்ளூர் வானொலியின் வர்ணனையைக் கேட்டபடி, கண்ணாடி வழியே ஆட்டம் பார்ப்பார்கள். பவுண்டரி போனால் ஹாரன் அடிப்பார்கள். நீள நீளமாக அல்ல, அரை வினாடி. வாசலில் வந்து நிற்கும் பால்காரர் மணி மாதிரி. பத்து கார் அப்படி ஒருசேர முனகியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெத்தைக்காரருக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஊட்டியில் பிறந்தவர்

"எந்த ஊர்?" என்று அவர் கேட்டது இரண்டாவது விக்கெட் விழுந்த பிறகுதான். அதுவரை ஆட்டத்தைத் தவிர வேறு பேச்சு எடுக்கவில்லை. சென்னை என்றேன். உடனே, "காலின் உங்கள் பக்கத்தில்தானே பிறந்தார்?" என்றார்.

இந்த முறை பிளைத் அல்ல, காலின் கௌட்ரி. 1932 டிசம்பர் 24 அன்று ஊட்டியில் பிறந்தவர். அப்பா தேயிலைத் தோட்டக்காரர், கிரிக்கெட் பித்து. பிள்ளையின் முதலெழுத்துகள் எம்.சி.சி. என்று அமைய வேண்டும் என்பதற்காகவே மைக்கேல் காலின் கௌட்ரி என்று பேர் வைத்தார். எம்.சி.சி. என்பது லார்ட்ஸ் மைதானத்தின் சொந்தக்காரர்களான மேரில்போன் கிளப். பேர் பொய்க்கவில்லை. 1950 முதல் 1976 வரை கென்ட்டுக்கு ஆடினார், 1957 முதல் 1971 வரை கேப்டனாக இருந்தார். 1968-ல் உலகிலேயே முதல் ஆளாக 100-வது டெஸ்ட் ஆடி, அதிலேயே சதமும் அடித்தார். 1913-க்குப் பிறகு 57 வருஷம் கென்ட்டுக்கு எட்டாதிருந்த சாம்பியன் பட்டம் 1970-ல் வந்தது அவர் தலைமையில்தான். மைதானத்தில் அவர் பேரில் ஒரு ஸ்டாண்டு இருக்கிறது. நீலகிரிக் குளிரில் பிறந்தவருக்கு இந்த மே மாதக் காற்று பழக்கப்பட்டதாகவே இருந்திருக்கும்.

பெரியவர் விடவில்லை. முரளிதரன் 2003-ல் இங்கே ஆடியதைச் சொன்னார். திராவிட் 2000-ல் வந்ததை, அரவிந்த டி சில்வா 1995-ல் லார்ட்ஸ் இறுதி ஆட்டத்தில் 112 அடித்தும் கென்ட் தோற்றதைச் சொன்னார். அந்தத் தோல்வியைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. நான் என் பங்குக்கு வெங்கட்ராகவனில் தொடங்கினேன். 1973 முதல் 75 வரை டெர்பிஷயருக்கு ஆடியவர். அஸ்வின் 2017-ல் வொர்ஸ்டர்ஷயர், 2019-ல் நாட்டிங்கம்ஷயர், 2021-ல் சர்ரேக்காக ஓவல் மைதானத்தில் 27 ரன்னுக்கு 6 விக்கெட். முரளி விஜய் எஸ்ஸெக்ஸ். வாஷிங்டன் சுந்தர் லங்காஷயருக்கு முதல் ஆட்டத்திலேயே ஐந்து விக்கெட். சாய் சுதர்சன் இரண்டு பருவம் சர்ரே. "சர்ரே" என்றதும் அவர் முகம் சுருங்கியது. பக்கத்து கவுன்டி, பணக்கார கவுன்டி, 2022, 2023, 2024 மூன்று வருஷமும் பட்டம் தட்டிக்கொண்டு போன கவுன்டி. சம்பந்தி வீட்டைப் பற்றிப் பேசினால் வருகிற மௌனம் ஒன்று இருக்கிறது அல்லவா, அது.

புல்லில் நடக்கலாம்

ஒரு மணிக்கு வீரர்கள் உள்ளே போனதும் எல்லைக்கயிற்றைத் தாண்டிக் கூட்டம் உள்ளே இறங்கியது. ஏதோ கலாட்டா என்று எழுந்து நின்றுவிட்டேன். ஒன்றுமில்லை, சாப்பாட்டு இடைவேளையில் யாரும் மைதானத்துக்குள் நடக்கலாம். நடு ஆடுகளத்தைச் சுற்றி மட்டும் கயிறு கட்டியிருக்கும். பிள்ளைகள் டென்னிஸ் பந்தோடு ஆங்காங்கே ஆட்டம் போட்டார்கள். பெரியவர்கள் கயிற்றருகே வரிசையாக நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழனியின் வரப்பில் நின்று பயிரைப் பார்க்கும் மிராசுதார் மாதிரி ஆடுகளத்தைப் பார்த்தார்கள். "அந்த முனையில் கொஞ்சம் பச்சை இருக்கிறது." "நாளை மறுநாள் சுழலும்." எல்லோரிடமும் ஒரு கருத்து. நானும் போய் நின்றேன். எனக்குப் புல் மட்டும்தான் தெரிந்தது.

இந்த மைதானத்தின் பெயரை உலகம் அறியக் காரணம் ஒரு மரம். லைம் மரம். எலுமிச்சை என்று நினைத்துவிடாதீர்கள். லிண்டன் என்றும் சொல்லப்படும் ஓங்கி வளரும் நிழல் மரம் அது. 1847-ல் மைதானம் அமைத்தபோதே அது அங்கே நின்றது. வெட்ட மனமில்லாமல் அதை உள்ளே வைத்து எல்லைக்கோடு போட்டார்கள். மரத்தின் எந்த இடத்தில் பந்து பட்டாலும் நான்கு ரன் என்று உள்ளூர்ச் சட்டம். அதன் தலைக்கு மேலே சிக்ஸர் அடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1928-ல் வெஸ்ட் இண்டீஸின் லியரி கான்ஸ்டன்டைன் அவர்களில் ஒருவர், 1992-ல் கென்ட்டுக்கு ஆடிய கார்ல் ஹூப்பர் இன்னொருவர். உள்ளே பூஞ்சை அரித்துப் பலவீனப்பட்டிருந்த மரம் 2005 ஜனவரியில் அடித்த புயலில் முறிந்து விழுந்தது. அதே வருஷம் ஒரு கன்று வைத்தார்கள். இன்று அது வாலிப மரம். அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர், "அசலுக்குக் கால்வாசிகூட இல்லை" என்று மரத்தின் காதில் விழும்படியே சொன்னார்.

மழைதான் பேச்சுக் காலம்

இரண்டரை மணிக்குத் தூறல். நடுவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், பெயில்ஸை எடுத்தார்கள். மைதான ஊழியர்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் கிளம்பிவிடலாம் என்று பையை எடுத்தேன். என்னைத் தவிர ஒருவரும் அசையவில்லை. கூரைக்கு அடியில் இரண்டு வரிசை நகர்ந்து உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்தார்கள், அவ்வளவுதான். மழைக்காகவே காத்திருந்தவர்கள் மாதிரி பேச்சு கிளம்பிற்று.

டாரன் ஸ்டீவன்ஸ் கதை இந்த மைதானத்தில் ஸ்தல புராணம். 2021 மே மாதம். கொரோனாவுக்குப் பிறகு பார்வையாளர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடத் தொடங்கிய முதல் வாரம். கிளாமர்கனுக்கு எதிராகக் கென்ட் 128-க்கு 8 விக்கெட். களத்தில் ஸ்டீவன்ஸ், வயது 45. அந்த வயதில் பலர் மகன் ஆடும் ஆட்டத்தைப் பார்க்க வருவார்கள். எதிர் முனையில் வேகப்பந்து வீச்சாளர் மிகெல் கம்மின்ஸ். அந்த ஜோடி சேர்த்தது 166 ரன். அதில் ஸ்டீவன்ஸின் பங்கு 160, கம்மின்ஸின் பங்கு ஒன்று. மிச்சம் உதிரி. 149 பந்தில் 190, பதினைந்து பவுண்டரி, பதினைந்து சிக்ஸர். பிறகு பந்தையும் எடுத்து, அப்போது உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவரான மார்னஸ் லபுஷேனின் விக்கெட்டையும் வீழ்த்தினார்.

"நான் இருந்தேன்" என்றார் மெத்தைக்காரர். ஸ்கோர் புத்தக அம்மாளும், "நானும்" என்றார். முன்வரிசையில் இன்னொருவர் திரும்பி, தானும் இருந்ததாகச் சொன்னார். அன்றைக்கு அனுமதித்த கூட்டத்தைவிட, இருந்தேன் என்று சொல்கிறவர்கள் இன்று அதிகம் இருப்பார்கள் என்று எனக்கொரு சந்தேகம். ஆனால் அம்மாள் புத்தகத்தில் குறித்திருப்பார். அவரை நம்புகிறேன்.

மழைக் கதைகளுக்கு மணிமுடி, பக்ஸ்டன் பனிக்கதை. 1975 ஜூன் 2. டெர்பிஷயரின் மலைநகரமான பக்ஸ்டனில் லங்காஷயரோடு ஆட்டம். சனிக்கிழமை வெயிலில் கிளைவ் லாயிட் 167 அடித்தார். ஞாயிறு ஓய்வு. திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஜூன் மாதத்தில் மைதானம் முழுக்க வெண்பனி. ஆட்டம் ரத்து. செவ்வாய்க்கிழமை பனி உருகிய ஆடுகளத்தில் பந்து எகிறிக் குதிக்க, மட்டை பிடிக்க வந்த ஆஷ்லி ஹார்வி-வாக்கர் தன் பொய்ப்பற்களைக் கழற்றி நடுவர் டிக்கி பேர்டிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னாராம். டெர்பிஷயர் இரண்டு இன்னிங்ஸிலும் சுருண்டது. இதைச் சொல்லிவிட்டு மெத்தைக்காரர் என் மெல்லிய ஸ்வெட்டரை மறுபடி ஒரு பார்வை பார்த்தார்.

யாருடைய கிளப்?

தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரை உருட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். கென்ட்டைப் பற்றிப் பேசும்போது இவர்கள் எல்லோரும் "நாங்கள்" என்றார்கள். ரசிகர்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இங்கே அது சட்டப்படியும் உண்மை. 18 கவுன்டிகளில் 15, உறுப்பினர்களுக்குச் சொந்தமான கிளப்புகள். ஹாம்ப்ஷயர், டர்ஹம், நார்தாம்ப்டன்ஷயர் மூன்று மட்டுமே விதிவிலக்கு. வருடச் சந்தா கட்டியவருக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓட்டு உண்டு. நிர்வாகக் குழுவைக் கேள்வி கேட்கலாம், கவிழ்க்கவும் செய்யலாம். மெத்தைக்காரர் தன் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். வந்த விருந்தாளி நான்.

இந்த ஓட்டுக்கு வலு உண்டு என்பதை 2022-ல் பார்த்தோம். இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் தலைமையிலான குழு, டெஸ்ட் அணியை மேம்படுத்துவதற்காகக் கவுன்டி சாம்பியன்ஷிப் ஆட்டங்களை 14-லிருந்து 10 ஆகக் குறைக்கச் சொன்னது. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் ஆசி அதற்கு இருந்தது. கவுன்டி உறுப்பினர்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். திட்டம் தேறவில்லை. சாண்ட்விச் சாப்பிடும் கிழவர்கள்தானே என்று எண்ணியவர்களுக்கு அது ஒரு பாடம்.

ஆனால் கவலை போய்விடவில்லை. 2021-ல் தொடங்கிய 100 பந்து ஆட்டமான "தி ஹன்ட்ரட்" இங்கிலாந்தின் ஒரே நல்ல மாதமான ஆகஸ்டை எடுத்துக்கொண்டது. சாம்பியன்ஷிப் பெரும்பாலும் ஏப்ரல், மே குளிருக்கும் செப்டம்பர் இருட்டுக்கும் தள்ளப்பட்டது. கேன்டர்பரி வாரம் என்று 1842 முதல் நடந்துவரும் திருவிழா மரபாக ஆகஸ்டில் வருவது. மைதானத்தைச் சுற்றிக் கூடாரங்கள், கொடிகள், பேண்டு வாத்தியம். தேர்த்திருவிழா நாளில் தேரை மட்டும் வேறு மாதத்துக்கு மாற்றினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இவர்களுக்கு இருக்கிறது. 2025-ல் ஹன்ட்ரட் அணிகளின் பங்குகள் விற்கப்பட்டு 50 கோடி பவுண்டுக்கு மேல் திரண்டது. அதில் 18 கவுன்டிகளுக்கும் பங்கு. கடனில் தத்தளித்த கிளப்புகளுக்கு அது உயிர்த்தண்ணீர், மறுக்க முடியாது. வாங்கியவர்களில் பாதிப் பேர் நம் நாட்டவர். லீட்ஸ் அணியை முழுதாக வாங்கியது சென்னையின் சன் குழுமம். ஹாம்ப்ஷயர் கவுன்டியே ஜிஎம்ஆர் குழுமத்தின் கைக்குப் போயிற்று. ஒரு கவுன்டிக்கு வெளிநாட்டு முதலாளி வந்தது அதுவே முதல்முறை.

"சென்னைக்காரர்கள் டெஸ்ட் ஆட்டத்தை மதிப்பவர்கள்தானே?" என்று பெரியவர் கேட்டார். சேப்பாக்கத்தில் 1999-ல் பாகிஸ்தான் ஜெயித்தபோது எழுந்து நின்று கைதட்டியவர்கள் நாங்கள் என்றேன். அது உண்மை. ரஞ்சி ஆட்டத்துக்கு அதே சேப்பாக்கத்தில் காக்கைகளும் பந்து பொறுக்கும் பையன்களும்தான் இருப்பார்கள் என்பதைச் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் கோலி டெல்லிக்காக ரஞ்சி ஆட வந்தபோது விடியற்காலையிலேயே ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றதையும், அவர் 6 ரன்னில் போல்டானதும் கூட்டம் கொத்துக்கொத்தாக வெளியேறியதையும் சொல்லவில்லை. விருந்தாளி எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களும் சொல்லாத ஒன்று இருந்தது. என் கண்ணுக்கு எட்டிய வரிசைகளில் பழுப்பு முகம் என்னுடையது மட்டும்தான். இதே தென்கிழக்கு இங்கிலாந்தின் பூங்காக்களில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். ஆடுகிறவர்களில் பலர் நம் பக்கத்துப் பிள்ளைகள். லண்டன் புறநகர்களில் யாழ்ப்பாணத்துப் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள் போட்டி நடத்தி, கொத்துரொட்டிக் கடை போட்டு, குடும்பம் குடும்பமாகக் கூடுகின்றன. அந்தக் கூட்டம் கவுன்டி மைதானத்துக்கு வருவதில்லை. வரும்படி யாரும் கூப்பிட்டதும் இல்லை. யார்க்ஷயர் அணியில் தனக்கு நேர்ந்த இனவெறியை அசீம் ரஃபிக் வெளியே சொன்ன பிறகு, 2023 ஜூனில் ஒரு தனி ஆணையம் அறிக்கை தந்தது. இனவெறியும் பெண்களை மட்டமாக நடத்துவதும் வர்க்க பேதமும் இங்கிலாந்து கிரிக்கெட்டில் பரவிக் கிடக்கின்றன என்றது. வாரியம் மன்னிப்புக் கேட்டது. எனக்கு அன்று முழுக்க அன்பைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. ஆனால் இந்தத் திண்ணையில் உட்காருகிறவர்களின் சராசரி வயதைப் பார்த்தால், அடுத்த இருபது வருஷத்துக்கு உறுப்பினர் சந்தாவை யார் கட்டப்போகிறார்கள் என்பது அவர்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. பூங்காவில் ஆடுகிற பிள்ளைகளை விட்டால் எனக்கு வேறு பதில் தெரியவில்லை.

250

நாலரைக்கு வெயில் வந்தது. வந்தது என்றால், சும்மா இல்லை. ஈரப் புல்லில் பட்டு, எதிர் ஸ்டாண்டு முழுக்கப் பொன்பூசி, ஆட்டக்காரர்களின் நிழலைப் பாதி மைதானம் நீளத்துக்கு இழுத்துவிட்டது. அந்த ஒரு மணி நேரம்தான் கவுன்டி கிரிக்கெட் என்று ஒரு கட்சி உண்டு. நானும் இப்போது அந்தக் கட்சி. ஆறாம் நிலை ஆட்டக்காரர் ஒருவர், இருபதைத் தாண்டியிருக்க மாட்டார், கவரில் அடித்த ஒரு டிரைவுக்குக் கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. உறங்கிய கணவர் முழுசாக விழித்துக்கொண்டு, "இவன் தேறுவான்" என்று தீர்ப்புச் சொன்னார். காலையிலிருந்து அவர் பார்த்த மூன்றாவது பந்து அது.

மாலை நேரத்தில் திடீரென்று மைதானம் முழுக்கக் கைதட்டல். ஐம்பதும் இல்லை, விக்கெட்டும் இல்லை. ஒற்றை ரன், தேர்டு மேன் பக்கம் தட்டிவிட்டு ஓடியது. எனக்கு விளங்கவில்லை. மெத்தைக்காரர் ஸ்கோர் பலகையைக் காட்டினார்: 250. முதல் 110 ஓவருக்குள் 250 தொட்டால் அணிக்கு ஒரு போனஸ் புள்ளி, அதன்பின் 450 வரை ஒவ்வொரு 50-க்கும் ஒன்று. பருவம் முழுக்க ஆடி முடித்துக் கணக்குப் பார்க்கும்போது இந்த ஒற்றைப் புள்ளியில் ஒரு அணி மேலே போகலாம், கீழே இறங்கலாம். ஆகவே அந்த ஒற்றை ரன்னுக்குக் கைதட்டல். அடித்தவர் மட்டையை உயர்த்தவில்லை. அவருக்குக் கைதட்டவில்லை என்று அவருக்கும் தெரியும்.

ஆட்டம் ஆறரைக்கு நின்றது. ஃபிளாஸ்க், பைனாகுலர், கம்பளி, கையேடு எல்லாம் வந்த வரிசையிலேயே பைக்குள் போயின. கடைசியில் மெத்தை. "நாளைக்கு வருகிறீர்களா?" என்றார். லண்டனில் வேலை இருக்கிறது என்றேன். தலையை ஆட்டினார். வருத்தப்பட்டாரா, என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாரா தெரியவில்லை. ஸ்கோர் புத்தக அம்மாள் பென்சில்களை நிறவாரியாக டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளைப் பார்க்கவோ பேரனைத் தூக்கவோ ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் இங்கிலாந்து போகிறவர்கள் ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள். கேன்டர்பரிதான் என்றில்லை, தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கவுன்டி எதுவானாலும் சரி. கட்டுச்சோறு கொண்டுபோகலாம், தடையில்லை. ஆகஸ்டில் மட்டும் போய் ஏமாறாதீர்கள். ஸ்வெட்டர் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.